கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரை எடுக்கலாமா?

நாலரை இஞ்ச் சுவர்தானே, இடித்தால் ஹால் பெரிதாகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கனத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சுவர் மேல்தளத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள்: மேலே பீம் ஓடி, இரு முனையிலும் தூண் இருந்தால் பெரும்பாலும் தளத்தின் எடையைத் தாங்காத வெறும் தடுப்புச் சுவர். பீம் இல்லாமல் தளம் நேராகச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாலோ, மாடியில் அதே கோட்டில் இன்னொரு சுவர் இருந்தாலோ, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் சுத்தியலையே தொடக்கூடாது.

தடுப்புச் சுவரே ஆனாலும் முழுதாக எடுக்க வேண்டாம் என்பேன். தரையிலிருந்து மூன்றடி விட்டு, மேலே திறப்பு வைத்தால் போதும். கீழே இருக்கும் குழாயும் பிளக் பாயிண்ட்டும் அசையாது. மேலே ஒரு கிரானைட் பலகை போட்டால் பரிமாற மேடையும் ஆச்சு. முழுதாக எடுத்தால் தரையில் ஐந்தாறு இஞ்ச் அகலத்துக்கு டைல்ஸ் இல்லாத பட்டை விழும். பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்காது, இரண்டு அறைத் தரைமட்டமும் ஒத்துவராது. பட்ஜெட் எகிறுவது அங்கேதான்.

திறப்புக்கு மேல் செங்கல் மிஞ்சினால், அதைத் தாங்கும் குறுக்கு பீமான லிண்டல் கட்டாயம். இருபுறமும் குறைந்தது ஆறு இஞ்ச் சுவருக்குள் ஏற வேண்டும். லிண்டல் உட்கார்ந்து இறுகிய பிறகே கீழ்ச் செங்கலை எடுங்கள், வரிசை மாறினால் மேலே விரிசல் நிச்சயம். அந்தச் சுவருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு, கட்டிங் மெஷினால் இரு பக்கமும் கோட்டை அறுத்துக்கொண்டால் பக்கத்துப் பூச்சு உதிராது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லையென்றால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். தாளிப்பு நெடி நேரே சோபாவுக்கு வரும்.