பலதரப்பட்டவர்கள் முன்னால் பிரசன்டேஷன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. அலுவலகங்களில் எழுந்து நின்று பேச வேண்டியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன: கேட்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லையே, யாருக்காகப் பேசுவது? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: மேடம், நான் டெவலப்பர். அடுத்த மாதம் எங்கள் புராஜெக்ட் பற்றிப் பேச வேண்டும். எங்கள் டீம், ஃபைனான்ஸ்காரர்கள், இரண்டு டைரக்டர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். டெக்னிக்கலாகப் பேசினால் பாதிப் பேருக்குப் புரியாது. எளிமையாகப் பேசினால் எங்கள் டீமே போனை எடுத்துவிடும். எந்த அளவில் பேசுவது?

பதில்: நடுவில் ஒரு அளவைத் தேடாதீர்கள். நடுத்தரமாகப் பேசினால் இரண்டு பக்கமும் கைவிட்டுப் போய்விடும். ஸ்லைடு தயாரிக்க உட்காருவதற்கு முன்னால் ஒரு தாளில் யார் யார் வருகிறார்கள் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரில் 'கூட்டம் முடிந்ததும் இவர் என்ன செய்ய வேண்டும்' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். டைரக்டர் அனுமதி தர வேண்டும், ஃபைனான்ஸ்காரர் பணம் ஒதுக்க வேண்டும், டீம் வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும், இப்படி. அந்தத் தாளில் இருக்கும் எந்த வரிக்கும் உதவாத விஷயம் உங்கள் பேச்சில் இருந்தால், அது எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்த வேலையாக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் பெரும்பாலான பிரசன்டேஷன்கள் கெட்டுப்போவது இங்கேதான்: பேசுபவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லப் பார்க்கிறார், கேட்பவர் தான் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகக் காத்திருக்கிறார்.

முதல் மூன்று நான்கு நிமிடம் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொது. என்ன பிரச்சினை, என்ன கேட்கிறோம், எவ்வளவு செலவு, செய்யாவிட்டால் என்ன ஆகும். இதில் துறை சார்ந்த சொல் ஒன்றுகூட வேண்டாம். உதாரணத்துக்கு, 'டேட்டாபேஸ் ரெஸ்பான்ஸ் டைம் 900 மில்லி செகண்ட்' என்பதற்குப் பதிலாக 'வாடிக்கையாளர் பட்டனை அழுத்திவிட்டுக் கிட்டத்தட்ட ஒரு வினாடி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லுங்கள். உங்கள் டீமுக்கும் இது புரியும், அவர்கள் யாரும் இதைக் கேவலமாக நினைக்கப் போவதில்லை. அப்புறம் ஆழத்துக்குப் போகும்போது வாய்விட்டு அறிவித்துவிடுங்கள்: 'அடுத்த ஐந்து நிமிடம் டீமுக்கானது, மற்றவர்கள் இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், இந்த வேலைக்கு ஆறு வாரம் ஆகும்.' இப்படிச் சொன்னால் டைரக்டர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார், டீம் நிமிர்ந்து உட்காரும். இரண்டு தரப்புக்கும் தங்கள் பங்கு எது என்று தெரிந்துவிடுகிறது.

கேள்வி: அக்கா, மொத்தம் எத்தனை ஸ்லைடு இருக்கலாம்? 10-20-30 விதி என்கிறார்களே, அது எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பதில்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்டுக்குக் குறையாத எழுத்து. முதலீட்டாளர் கய் கவாசாகி சொன்னது. முதலீடு கேட்டு வரும் புதுத் தொழில்முனைவோரின் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சொன்ன விதி அது, அந்த இடத்துக்குக் கச்சிதம். பெச்சா குச்சா என்ற முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 வினாடி, மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி. அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆகவே எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். எழுத்தின் அளவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அறையின் கடைசி வரிசையில் போய் நின்று நீங்களே படித்துப் பாருங்கள், தெரியவில்லை என்றால் சொற்களைக் குறையுங்கள்.

கேள்வி: எங்கள் மேனேஜர் எல்லாத் தகவலும் ஸ்லைடில் இருக்க வேண்டும் என்கிறார். 'அப்புறம் யாராவது கேட்டால் என்ன செய்வாய்' என்று பயமுறுத்துகிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் சண்டை போடாதீர்கள். அவரிடம் நாசாவின் கொலம்பியா விண்கலத்தின் கதையைச் சொல்லுங்கள்.

2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பியபோது வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து மேலதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளின்படி பாதுகாப்புக்குக் கூடுதல் இடம் இருக்கிறது என்று தொனிக்கிற மாதிரி இருந்தது. கீழே புல்லட் பாயின்டுக்குள் புல்லட் பாயின்டாகப் போய், அடியில் பொடி எழுத்தில்தான் முக்கியமான விஷயம் கிடந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதிய துண்டு 1,920 கன அங்குலம் என்று கணிப்பு. 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனைத் தரவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லவே முடியாது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஸ்லைடு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஸ்லைடைப் படிக்கும் மேலதிகாரிக்கு இது உயிர் போகும் பிரச்சினை என்று தெரியாமல் போவது எளிது என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டது.

தகவல் எல்லாமே அந்த ஸ்லைடில் இருந்ததே, அதைக் கவனியுங்கள். இருந்தும் கண்ணில் படவில்லை.

எனவே மேனேஜரிடம் இப்படி ஒரு ஏற்பாடு சொல்லுங்கள். திரையில் ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி, அதுவும் தலைப்பிலேயே முழு வாக்கியமாக. 'காலாண்டுச் செயல்பாடு' என்று போடாமல் 'புகார்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள்' என்று போடுங்கள். மீதித் தகவல் முழுவதும் தனி ஆவணமாகக் கையில் இருக்கட்டும், கடைசி ஸ்லைடுக்குப் பிறகு இணைப்பாகவும் சேர்த்துவையுங்கள். யாராவது கேட்டால் உடனே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். மேனேஜருக்கும் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும்.

கேள்வி: பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் உள்ளடக்கத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பதில்: அந்த எண்ணை மறந்துவிடுங்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது அது. ஒற்றைச் சொல்லை விதவிதமான தொனியில் ஒலிக்கவிட்டு, முகங்களின் படங்களைக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். சொல்லும் முகமும் முரண்படும்போது உணர்ச்சியை எதை வைத்துக் கணிக்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. பட்ஜெட் பற்றிய உரைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உணர்வுகளைப் பற்றிப் பேசாத இடத்தில் இந்த எண்கள் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். குரலும் நிற்கும் விதமும் முக்கியம்தான். அதற்காக வெறும் கையசைப்பை வைத்து 93 சதவீதம் ஒப்பேற்ற முடியாது.

கேள்வி: பல நாட்டு ஆட்கள் இருக்கும் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். என் உச்சரிப்பை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி கிடையாது.

பதில்: உச்சரிப்பை மாற்ற முயற்சிக்கவே வேண்டாம். கேட்பவரின் காது ஓரிரு நிமிடத்தில் உங்கள் குரலுக்குப் பழகிவிடும், வேகத்துக்குத்தான் பழகாது. அதனால் முதல் இரண்டு நிமிடம் வேண்டுமென்றே நிதானமாகப் பேசுங்கள், அந்த நேரத்தில் எளிதான விஷயங்களை மட்டும் வையுங்கள். வாக்கியம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். விளையாட்டிலிருந்து வரும் மரபுத்தொடர்கள், சுருக்கப் பெயர்கள் எல்லாம் வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் கடைசிவரை அதையே சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரி அழகுக்காகச் சொல்லை மாற்றிக்கொண்டே போனால், அந்நிய மொழியில் கேட்பவர் அது வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார்.

எண்களில்தான் சத்தமில்லாமல் குழப்பம் வரும். 03/04 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். லட்சம், கோடி எல்லோருக்கும் தெரியாது, மில்லியனில் சொல்லுங்கள். சில நாடுகளில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், 1,500 என்பது அவர்கள் கண்ணுக்கு ஒன்றரையாகத் தெரியலாம். முக்கியமான எண்ணை வாயாலும் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஸ்லைடுகளையும் பெயர்ப் பட்டியலையும் முந்தின நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பேசி நிறுத்திய பிறகு அவர் பேசுகிற முறை என்றால் நேரம் இரட்டிப்பாகும். உங்களுக்கு 30 நிமிடம் தந்திருந்தால் 15 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள்.

கேள்வி: நகைச்சுவை சேர்க்கலாமா?

பதில்: கூட்டம் கலவையாக இருந்தால் தயார் செய்த ஜோக் வேண்டாம். ஜோக்குகள்தான் மொழியும் நாடும் தாண்டும்போது முதலில் உடைவது. பேசும்போது தானாக வந்தால் வரட்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் காது சரியாகக் கேட்காத ஒருவரும், நிறக்குருடு உள்ள ஒருவரும் இருக்கிறார்கள். தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா? அவர்களைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம்.

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். சுட்டிக்காட்டவே தேவையில்லை, எப்போதும் எல்லோருக்கும் செய்கிற பழக்கமாக ஆக்கிவிடுங்கள். மைக் இருந்தால் மைக்கில்தான் பேச வேண்டும். 'என் குரல் பெரிசு, மைக் வேண்டாம்' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் கேட்காதவர் எழுந்து நின்று 'எனக்குக் கேட்கவில்லை' என்று சபையில் சொல்ல மாட்டார். சபையிலிருந்து வரும் கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். திரையைப் பார்த்துப் பேசாதீர்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு உங்கள் முகம் வேண்டும். பவர்பாயின்ட், கூகுள் ஸ்லைடு இரண்டிலும் பேசப் பேசத் திரையில் எழுத்து வரும் வசதி இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

நிறக்குருடு நாம் நினைப்பதை விடப் பரவலானது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் என்கிறார்கள், பெண்களில் மிகக் குறைவு. பெரும்பாலும் சிவப்பு-பச்சைதான் குழப்பும். 'பச்சை நல்லது, சிவப்பு மோசம்' என்று நிறத்தை மட்டும் நம்பும் சார்ட் போடாதீர்கள். கோட்டின் பக்கத்திலேயே பெயரை எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறை, சோதித்துப் பார்க்க இலவசக் கருவிகள் உண்டு. சாம்பல் மேல் சாம்பல் எழுதுவது யாருக்குமே உதவாது.

கேள்வி: மேடை ஏறினாலே கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அமைதியாக இரு என்று எவ்வளவு சொன்னாலும் அடங்க மாட்டேன் என்கிறது.

பதில்: அடக்கப் பார்க்காதீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களை விட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் உடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கிறது, அதனால் பெயரை மாற்றுவது சுலபம். முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், முழுப் பேச்சையும் வேண்டாம், நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் எல்லாம் நின்றுவிடும். கையில் தாள் வைத்துக்கொள்ளாதீர்கள், நடுக்கத்தை அது பெரிதாக்கிக் காட்டும்.

கேள்வி: ஆன்லைன் மீட்டிங்கில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். சுவரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது.

பதில்: கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், சிலருக்கு இணைய வேகம் பத்தாது, சிலருக்கு வீட்டுச் சூழல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாட்டில் ஒரு சொல்லில் பதில் வருகிற மாதிரி ஏதாவது கேளுங்கள். 'எல்லோருக்கும் புரிந்ததா?' என்று கேட்டால் மௌனம்தான் வரும். 'முதல் வழியா, இரண்டாவதா, சாட்டில் 1 அல்லது 2 போடுங்கள்' என்றால் வரிசையாக வந்து விழும்.

கேள்வி: மேலதிகாரி நடுவில் குறுக்கிட்டு எனக்குத் தெரியாத கேள்வி கேட்டால்?

பதில்: 'இந்த எண் என்னிடம் இப்போது இல்லை, நாளை மாலைக்குள் அனுப்புகிறேன்' என்று சொல்லி, அவர் கண்ணெதிரே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னபடி அனுப்பிவிடுங்கள். மழுப்பினால் அந்தத் துறை தெரிந்தவர் யாராவது அறையில் இருப்பார், அப்புறம் நீங்கள் சரியாகச் சொன்னதையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: 30 நிமிடத்துக்குத் தயார் செய்து போனால், 'பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்' என்கிறார்கள். எனக்கு இது அடிக்கடி நடக்கிறது!

பதில்: எல்லோருக்கும் நடக்கிறது. தயவுசெய்து மூன்று மடங்கு வேகமாகப் பேசாதீர்கள். முடிவை முதலில் சொல்லும் பழக்கம் இருந்தால் இதற்குத் தனியாகத் தயாராகவே வேண்டாம், உங்கள் முதல் நான்கு நிமிடமே ஒரு முழுப் பேச்சு, மீதி ஆறு நிமிடம் கேள்விகளுக்கு. பவர்பாயின்டில் ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போய்விடும், பி எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். முக்கியமான மூன்று ஸ்லைடுகளின் எண்களை உள்ளங்கை அளவு துண்டுச் சீட்டில் எழுதி மேசை மேல் வைத்துவிடுங்கள். ஒத்திகை பார்க்கும்போதே ஒருமுறை முழுசாகவும், ஒருமுறை பத்து நிமிடத்துக்கும் பேசிப் பாருங்கள்.