சுகர் மாத்திரை, இதய மாத்திரை, அழகு ஆபரேஷன்: கேளுங்க சொல்றேன்

27 வருசம் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா நின்னவ நான், அதுல பாதிக்கு மேல பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டர்தான், ரிட்டையர் ஆகி இப்ப உச்சிப்புளிப் பக்கம் வந்து உக்காந்தாச்சு. டாக்டர் கெடையாது, அதனால எத்தன மில்லிகிராம்னு என்கிட்ட கேக்காதீங்க. எவ்வளவு செலவாகும்னும் கேக்காதீங்க. தியேட்டர் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனவங்க எதனால திரும்பிப் போனாங்கன்னு சொல்லத் தெரியும்.

கீழக்கரை: சிஸ்டர், என் காக்கா (அண்ணன்) துபாய்ல இருந்து 40 நாள் லீவுல வந்திருக்காக. வயசு 44, ஆறு வருசமா சுகர். மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் போடுறாக. லீவுக்குள்ள தொப்பையில லைப்போசக்‌ஷன் பண்ணிட்டுப் போகணுமாம், கொழுப்பு போனா சுகரும் போயிரும்னு யாரோ சொல்லிட்டாக.

கடைசியில சொன்னீங்களே அதுக்கு மொதல்ல பதில். போகாதுங்க. லைப்போசக்‌ஷன்ல எடுக்குறது தோலுக்குக் கீழ இருக்குற கொழுப்பு, சுகரைக் கெடுக்குறது குடலைச் சுத்தியும் ஈரல்லயும் இருக்குற கொழுப்பு, அதை எந்தக் குழாய் விட்டும் உறிய முடியாது. 2004லயே அமெரிக்காவுல கிலோ கணக்குல கொழுப்பை எடுத்துட்டு இன்சுலின் வேலை செய்யிறதைச் சோதிச்சுப் பாத்தாங்க, ஒரு மாத்தமும் இல்ல. இடுப்பு அளவு குறையும், அவ்வளவுதான்.

இப்ப மாத்திரை. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் ஆபரேஷன் அன்னைக்கு மட்டும் நிறுத்துவாங்க. டாபாகிளிஃப்ளோசின் அப்படி இல்ல, குறைஞ்சது 3 நாளைக்கு முன்னாடியே நிறுத்தணும். அது சுகரை மூத்திரத்துல தள்ளுற மாத்திரை, அதைப் போட்டுட்டு பட்டினியா தியேட்டர்ல படுத்தா ரத்தம் அமிலமாயிர வாய்ப்பிருக்கு, அதுல கொடுமை என்னன்னா விரல்ல குத்திப் பாத்தா சுகர் 160, 180ன்னு சாதுவா காட்டும், மனுசன் வாந்தி எடுத்து மூச்சு வாங்கிட்டுக் கெடப்பாரு, சுகர் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுருவாங்க. அதனால என்னைக்கு நிறுத்துறதுன்னு மயக்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேக்கச் சொல்லுங்க. தானா நிறுத்திட்டு சுகர் 300க்கு ஏறிப் போயும் நிக்கக்கூடாது.

மூணு மாச சராசரி, எச்பிஏ1சின்னு சீட்டுல இருக்கும், அது 8க்கு மேல இருந்தா பெரும்பாலான சர்ஜன் தள்ளித்தான் போடுவாங்க. 40 நாள்ல அது முழுசா இறங்காது. பண்ணிட்டு ஒடனே பிளைட்டு ஏறுனா கால்ல ரத்தம் கட்டுற ஆபத்து வேற. அடுத்த லீவுக்குப் பாக்கட்டும்.

தங்கச்சிமடம்: அக்கா, வயசு 23, முடி நடணும். வலிப்பு மாத்திரை சாப்பிடுறேன். சொன்னா பண்ண மாட்டாங்கன்னு ஃபிரண்டு சொல்றான், அன்னைக்கு ஒருநாள் மட்டும் மாத்திரைய விட்டுட்டுப் போகவா?

தம்பி, அந்த ஃபிரண்டைக் கடல்ல தள்ளு. வலிப்பு மாத்திரைய ஒரு வேளை கூட விடக்கூடாது, அன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் போகணும். முடி நடுறப்ப தலை பூரா மரத்துப்போற ஊசி போடுவாங்க, அந்த மருந்து அளவு மீறுனா வலிப்பு இல்லாதவனுக்கே வலிப்பு வரும், நீ சொல்லிட்டா அளவைக் கவனமா வைப்பாங்க. வலிப்பைக் கேட்டதும் மொகம் சுளிக்காம அடுத்த கேள்வி கேக்குறவருதான் சரியான டாக்டர். தோல் டாக்டரா பிளாஸ்டிக் சர்ஜனான்னும் பாத்துக்க, முடி நடுறதை டெக்னீசியன் கையில விடக்கூடாதுன்னு 2022லயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியாச்சு. கடல் தொழிலுக்குப் போறவனா இருந்தா மீன்பிடித் தடைக்காலத்துல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14க்குள்ள வச்சுக்க, உப்புத்தண்ணியும் வெயிலும் புதுத் தலைக்கு ஆகாது.

தொண்டி: தைராய்டு மாத்திரை போடுறேன், கண்ணு கீழ பை மாதிரி தொங்குது, ஆபரேஷன் பண்ணலாமா?

தைராய்டுக்கு எடுக்குற ரத்த டெஸ்ட்டுல டிஎஸ்ஹெச் எவ்வளவுன்னு மொதல்ல பாருங்க. தைராய்டு கம்மியா இருந்தாலே கண்ணு வீங்கும். மாத்திரை அளவு சரியானா வீக்கமே வத்திப்போய் ஆபரேஷன் செலவு மிச்சமாகலாம்.

ராமநாதபுரம்: இதயத்துல ஸ்டென்ட் வச்சு 5 மாசம். ரத்தம் உறையாம இருக்க க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் ரெண்டும் போடுறேன். பையன் கல்யாணத்துக்குள்ள கண்ணு மேல் தோலை இழுத்துத் தைக்கணும். ஒரு வாரம் மாத்திரைய நிறுத்திக்கவா?

வேணாம் சார். நிறுத்துனா ஸ்டென்ட் அடைச்சிக்கலாம், நிறுத்தாட்டி கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கட்டலாம். இதய டாக்டர் எழுத்துல குடுக்காம ஒரு மாத்திரைய கூட தொடாதீங்க. இந்த முகத்தோடயே சம்பந்தியை வரவேற்கலாம், ஒண்ணும் ஆகாது.

மண்டபம்: சுகர் இருந்தா அழகு ஆபரேஷன் பண்ணலாமா?

மேல கீழக்கரைக்குச் சொன்னதைப் படிங்க.

சாயல்குடி, பேத்தி: எங்க அப்பத்தாவுக்கு 71. தண்டட்டின்னு கனமான தங்க நகை போட்டு வளத்த காது, தோள் வரைக்கும் தொங்குது, ஒரு பக்கம் கிழிஞ்சு ரெண்டா பிரிஞ்சிருச்சு. தைக்கணும்னு அதுவே கேக்குது. 18 வருசமா சுகர், இன்சுலின் போடுது. தாங்குமா?

அப்பாடா, நான் அதிகமா பாத்த கேஸ் வந்திருச்சு. தாராளமா தாங்கும். காதுக்கு ரத்த ஓட்டம் நல்லா உண்டு, மரத்துப்போற ஊசி போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்துல முடிச்சிருவாங்க. தொங்குற தசையைக் குறைச்சு, கிழிஞ்ச ஓரம் தோல் மூடி ஆறிப் போயிருக்கும்ல, அதைச் சீவிப் புதுப் புண்ணாக்கித் தைக்கணும், அப்பத்தான் ஒட்டும். முழு மயக்கம் இல்ல, அதனால பட்டினியும் வேணாம். இதைத்தான் தப்பா பண்ணுவாங்க. ஆபரேஷன்னு கேட்டதும் அப்பத்தா இன்சுலினைப் போட்டுட்டு சாப்பிடாம வந்து உக்காரும், தியேட்டர்ல சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டும். இட்லி சாப்பிட்டுட்டே வரச் சொல்லுங்க. காது குத்துன எடத்துல, தடுப்பூசி தழும்புல மேடா தடிச்சிருக்கான்னு சர்ஜன்கிட்ட காட்டுங்க, அப்படித் தடிக்கிற தோல் இருந்தா யோசிச்சுத்தான் கைய வைக்கணும்.

முதுகுளத்தூர்: குறுக்க வர்றேன் சிஸ்டர். தண்டட்டிக் காது நம்ம சீமையோட அடையாளம். அதை வெட்டித் தைக்கிறதுக்கு வழி வேற சொல்லிக் குடுக்குறீங்க.

தேவிபட்டினம்: அடையாளத்தை அண்ணன் ஒரு வாரம் காதுல மாட்டிப் பாக்கட்டும். எங்க அம்மாச்சி தூங்கையில காதைத் தலையில சுத்தி வச்சுக்கிட்டுப் படுக்கும்.

முதுகுளத்தூர்: எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் கம்பீரமா போட்டிருந்துச்சு.

தேவிபட்டினம்: அந்தத் தங்கத்தை இப்ப யார் வச்சிருக்கா? அடையாளத்தை வித்து எந்தப் பேரன் பைக் வாங்கினான்?

கீழக்கரை: ஹாஹா. எங்க உம்மம்மாவுக்கும் காது பூரா ஓட்டைதான், யாரும் கேட்டுக் குத்தலை.

போதும் போதும். நான் ஒண்ணு சொல்லிர்றேன். எங்க அம்மாவுக்கும் தண்டட்டிக் காதுதான். 66 வயசுல தைக்கணும்னு நின்னாங்க. டவுன்ல பஸ்ல உக்காந்தா எதிர் சீட்டுப் பிள்ளைங்க காதையே பாக்குதுன்னு. நாங்களும் அண்ணன் மாதிரித்தான், அழகும்மா விடும்மான்னு சொல்லிப் பாத்தோம், பாக்குறவனுக்கு அழகு, தொங்குறது எனக்குன்னாங்க. அதுக்கு மேல நான் பேசலை, காது அவங்களது.

ஆனா நான் தப்பு பண்ணது வேற எடத்துல. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு, ரெண்டு வருசமா பிரெட்னிசோலோன்னு ஸ்டீராய்டு மாத்திரை போட்டுட்டு இருந்தாங்க. ஸ்டீராய்டு போட்டா தையல் ஆறாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்காங்க, ஆபரேஷனுக்கு நாலு நாளைக்கு முன்னாடி கமுக்கமா நிறுத்திட்டாங்க. மாசக்கணக்கா அந்த மாத்திரை போட்டா ஒடம்பு தானா சுரக்குறதை நிறுத்திக்கிடும், திடீர்னு விட்டா ஆள் சாஞ்சிரும். அன்னைக்குக் காலையில ஒரே வாந்தி, பிபி 80க்கு வந்திருச்சு. ஊசி போட்டுத்தான் எழுப்புனாங்க. 27 வருசம் ஊரார் மாத்திரைச் சீட்டை வாங்கி வாங்கிப் பாத்தவ, பெத்தவ சீட்டைக் கேக்கலை. காதை ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தச்சோம், மாத்திரையோடதான், நல்லாவே ஆறுச்சு.

முதுகுளத்தூர்: சரி சிஸ்டர், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா தண்டட்டியை விக்காதீங்க.

பெரியபட்டினம்: வெள்ளையாகுறதுக்கு குளுட்டாதயோன் ஊசி, கூடவே வெளிநாட்டு கிரீம். கிட்னிக்கு மாத்திரை சாப்பிடுறேன், பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு எப்படிங்க சொல்லுவேன்? கிரீமை இன்னைக்கே நிறுத்திட்டு டப்பாவோட கிட்னி டாக்டரைப் பாருங்க. 2023ல மலப்புரம் கோட்டக்கல்ல வரிசையா ஆளுங்களுக்குக் கிட்னி கெட்டு வந்துச்சு, தோண்டிப் பாத்தா வெள்ளையாக்குற கிரீம்ல பாதரசம். ஊசி பத்தி என்கிட்ட பேசவே வேணாம்.

பாம்பன்: சுகர் இருந்தா...

மேல படிங்கன்னு சொன்னேன்ல.

உத்தரகோசமங்கை: மாத்திரை எதுவும் இல்ல, மூட்டு வலிக்கு சித்த மருந்துப் பொடியும் மீன் எண்ணெய் கேப்சூலும் மட்டும்தான். அதையுமா சொல்லணும்?

அதைத்தான் சொல்லணும்! மாத்திரை இல்லைம்பாங்க, பையைத் தொறந்தா பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய், லேபிள் இல்லாத பொடி. ரத்தம் நிக்கிறதுக்குத் தொந்தரவு குடுக்கும்னு சர்ஜன்கள் ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. லேபிள் இல்லாத பொடியில ஸ்டீராய்டு கலந்திருந்தா, அதைத் திடீர்னு நிறுத்துறப்ப எங்க அம்மா கதை உங்களுக்கும் நடக்கலாம்.

ராமேஸ்வரம்: வயித்துத் தோல் எடுத்து 12 நாள் ஆச்சு, சுகர் உண்டு. நேர்த்திக்கடனுக்கு அக்னி தீர்த்தத்துல முங்கலாமா?

கூடாது. கடல்தண்ணியில விப்ரியோன்னு ஒரு கிருமி உண்டு, ஆறாத தையல் வழியா ஏறுனா சுகர் உள்ளவங்களுக்கும் ஈரல் கெட்டவங்களுக்கும் ஒரே நாள்ல சதையை அழுக வச்சிரும். 22 தீர்த்தமும் அங்கேயேதான் இருக்கும், ஆறுனப்புறம் போங்க.

சாயல்குடி, பேத்தி: சிஸ்டர், கடைசியா ஒண்ணு. தச்சதும் தோடு போடலாமான்னு அப்பத்தா கேக்குது. ஆவணியில அண்ணன் கல்யாணம்.

தச்சு மூணு மாசமாவது கழிச்சு, தழும்பை விட்டுத் தள்ளிப் புதுசா குத்தணும், அப்பவும் லேசான தோடுதான். இப்பத் தச்சா கல்யாணத்துக்கு வெறுங்காதோடதான் நிக்கணும், சம்மதமான்னு கேளுங்க.

சாயல்குடி, பேத்தி: கேட்டுட்டேன். பேரன் கல்யாணத்துல மூளிக் காதோட நிக்க மாட்டேன், தையில பாத்துக்குவோம்னு சொல்லிருச்சு. ஒத்தக் காதுல தண்டட்டி போட்டுக்கிடுமாம்.

அப்பத்தா சொன்னாச் சரிதான். தை வரைக்கும் சுகரை இறக்கட்டும். மாத்திரைச் சீட்டு, இன்சுலின் டப்பா ரெண்டையும் இன்னைக்கே போட்டோ எடுத்து உங்க போன்ல வச்சுக்கங்க தாயி, அப்பத்தா சுருக்குப்பைக்குள்ளயும் ஒரு தடவை பாத்துருங்க.