மழையில் ஏற்காடு ஏறலாமா?

கேள்வி: சார், நானும் நண்பனும் டிசம்பர் லீவில் சைக்கிளிலேயே ஏற்காடு போகலாம் என்றிருக்கிறோம். விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழி. தினமும் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஓட்டுகிற பழக்கம் உண்டு. மலையில் மழை பிடித்துக்கொண்டால் சமாளிக்க முடியுமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம், அதையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள், சரி. கேப்பர் மலையில் வாரம் இரண்டு நாள் ஏறி இறங்கிப் பாருங்கள், கொஞ்சம் கால் பழகும். ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். நம்மூர் மழை வெதுவெதுப்பான மழை, நனைந்தால் தலையைத் துவட்டினால் போதும். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஏறும்போது உடம்பு சூடாக இருப்பதால் அது தெரியாது. இறங்கும்போது பெடல் மிதிக்க வேலையில்லை, சட்டை ஈரம், எதிர்க்காற்று வேறு. நான் ஒருமுறை இப்படி இறங்கியபோது பாதி வழியில் விரல் மரத்துப்போய் பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை, மிச்ச தூரம் முழுக்க உருட்டிக்கொண்டுதான் வந்தேன். அதனால் மேலே போனதும் போட ஒரு காய்ந்த பனியனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துப்போங்கள். இறங்கும் முன் சட்டைக்குள் நெஞ்சோடு நாலைந்து தாள் செய்தித்தாளை மடித்து வையுங்கள், காற்று உள்ளே வராது. கைக்கு உறை கட்டாயம்.

அப்புறம் பிரேக். ரிம்மைப் பிடிக்கிற ரப்பர் கட்டை, ஈரத்தில் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரை வழித்துத் தள்ளிய பிறகு சட்டென்று கவ்வும். வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுத் தொட்டு ஈரத்தைத் துடைத்து, வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், திரும்பும்போது அழுத்தினால் வழுக்கும். தேய்ந்த கட்டையோடு கிளம்பவே வேண்டாம். ரோட்டில் வெள்ளைக் கோடும் ஈர இலையும் எதிரிகள். வளைவில் பஸ் வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள், பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும்.

இதெல்லாம் சொன்னாலும் டிசம்பர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, நாம் இங்கே தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது அதே மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. நம் கடலில் புயல் என்றால் அந்த மலையிலும் பிரச்சினை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசியில் போங்கள், குளிர் இருக்கும், ரோடு காய்ந்திருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஜூலையில் தனியாக ஊட்டிக்கு சைக்கிளில் போவேன் என்கிறான். தடுக்கட்டுமா?
- வாசகி, முதலியார்பேட்டை

பதில்: தடுத்தால் சொல்லாமல் போவான் அம்மா. தனியாக மட்டும் விடாதீர்கள். ஜூலையில் கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஏறச் சொல்லுங்கள், அந்தச் சரிவுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதற்காக ஜூலையில் தூறலே இருக்காது என்று நம்பிவிட வேண்டாம். மஞ்சு இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். இருட்டுவதற்குள் அறைக்குப் போய் உங்களுக்கு போன் செய்ய வேண்டும், அதை மட்டும் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழையில் ஓட்டிவந்த மறுநாளே செயின் துருப்பிடிக்கிறதே?
- வாசகர், கடலூர் ஓ.டி.

பதில்: துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், உப்புக்காற்று சும்மா விடுமா? வீட்டுக்கு வந்ததும் பழைய துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் அப்பும்.