செயலியில் 90, வகுப்பில் சுருதி விலகல்: எதை நம்புவது?

கேள்வி (கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு தாயார்): என் மகளுக்கு 12 வயது. கர்நாடக வாய்ப்பாட்டும் மேற்கத்திய வயலினும் கற்கிறாள். அடுத்த ஆண்டு ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியம்) ஐந்தாம் நிலை வயலின் தேர்வு எழுதுகிறாள். திறன்பேசியில் இலவசச் செவிப்பயிற்சிச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். எப்போதும் 90க்கு மேல் எடுக்கிறாள். ஆனால் பாட்டு ஆசிரியை, காந்தாரம் (‘க’ சுரம்) சுருதியில் நிற்கவில்லை என்கிறார். வயலின் மையமோ, இவளுக்குக் காது போதாது, எங்கள் வழியாக 480 ரிங்கிட்டுக்கு ஒரு செயலியின் ஓராண்டுச் சந்தா எடுக்காவிட்டால் தேர்வில் தேற மாட்டாள் என்கிறது. யார் சொல்வது சரி? பணத்தைக் கட்டலாமா?

பதில்: பணத்தைக் கட்ட வேண்டாம் அம்மா. பாட்டு ஆசிரியை சொல்வதை நம்புங்கள். செயலி காட்டும் 90 பொய்யில்லை என்றாலும், அது அளக்கும் திறன் வேறு, ஆசிரியை எதிர்பார்க்கும் திறன் வேறு.

இத்தகைய செயலிகளில் பெரும்பாலானவை இரண்டு சுரங்களை ஒலிக்கச் செய்து, அவற்றுக்கு இடையிலான தூரம் எது என்று கேட்டு, திரையில் நான்கைந்து விடைகளை வைக்கின்றன. நான்கு விடைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு முறை சரியாக வந்துவிடும். மேலும், அதே பியானோ ஒலியை நாள்தோறும் கேட்கும் பிள்ளை, சுரத்தை உணராமலேயே அந்த ஒலித்துண்டின் சாயலை வைத்து விடையைத் தொடப் பழகிவிடுகிறது. தம்புரா ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு சுரத்தைத் தொண்டையிலிருந்து எடுத்து அசையாமல் நிறுத்தும் வேலையை அந்தச் செயலி அவளிடம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. நம் இசையில் ஆதார சட்ஜத்தோடு (அடிப்படையான ‘ஸ’ சுரத்தோடு) கொள்ளும் உறவே ஒரு சுரத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது. சட்ஜமே ஒலிக்காத பயிற்சி அந்த உறவைக் கற்பிக்க முடியாது.

குறிப்பாகக் காந்தாரத்தில் மட்டும் புகார் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மாயாமாளவகௌளை ராகத்தில் பாடப்படுகின்றன. அதில் வருவது அந்தர காந்தாரம் என்ற உயர்ந்த ‘க’. மின்பியானோவும் அதை ஒட்டி எழுதப்பட்ட செயலிகளும் ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாகப் பிரித்து, பங்குக்கு 100 செண்ட் (சுர இடைவெளியை அளக்கும் நுண்ணலகு) என்று கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் 400 செண்டில் விழும். நன்றாகச் சேர்த்த தம்புராவின் மந்தர (கீழ் ஸ்தாயி) சட்ஜத் தந்தியிலிருந்து தானாகவே எழும் காந்தாரமோ 386 செண்டில் நிற்கிறது. இந்த 14 செண்ட் இடைவெளிதான் சிக்கல். பாடும் குரலை முள்ளால் காட்டும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், தம்புராவோடு அழகாக இழைந்த காந்தாரத்தைக்கூட அது தாழ்வு என்று சிவப்பில் காட்டக்கூடும். பிள்ளை பச்சை விளக்கு எரியும்வரை குரலை மேலே தள்ளுவாள். மறுநாள் வகுப்பில் அது ஆசிரியையின் காதை உறுத்தும். காகலி நிஷாதத்தில் (உயர்ந்த ‘நி’) இதே இடைவெளி 12 செண்ட். பஞ்சமத்தில் (‘ப’) 2 செண்ட் மட்டுமே என்பதால் அங்கே யாரும் குறை சொல்வதில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தைப் போலக் கமகத்தில் (சுரத்தை அசைத்துப் பாடும் முறையில்) அசையும் சுரங்களுக்கு இந்த முள் எதற்குமே உதவாது. ஆகவே முதல் வேலையாக அந்தக் குரல் அளவியை அணைத்துவிடுங்கள்.

செயலியை அழிக்க வேண்டியதில்லை. பயன்படுத்தும் வரிசையை மாற்றினால் போதும். மகள் வகுப்பில் பாடும் கட்டையிலேயே (சட்ஜத்தை வைக்கும் சுருதி நிலையிலேயே) தம்புராச் செயலியை ஓடவிடுங்கள்; செவிப்பயிற்சிச் செயலியிலும் ஆதார சுரத்தை அதே கட்டைக்கு மாற்றுங்கள். அப்படி மாற்ற முடியாத செயலி அவளுக்குத் தேவையில்லை. கேள்விச் சுரம் ஒலித்ததும் திரையைத் தொடாமல், முதலில் அதைப் பாட வேண்டும். பிறகு அங்கிருந்து படிப்படியாகச் சட்ஜம்வரை இறங்கி, அது எந்தச் சுரம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே விடையைத் தொட வேண்டும். இப்படிச் செய்தால் பத்து நிமிடத்தில் சில கேள்விகளே முடியும், மதிப்பெண்ணும் இறங்கும். இறங்கட்டும். இரண்டு சுரங்களின் தூரத்தைக் கேட்கும் பயிற்சியைவிட, முதலில் ஆதார சுரத்தை நிறுவிவிட்டு அதிலிருந்து இது எத்தனையாவது சுரம் என்று கேட்கும் பயிற்சியே நம் பிள்ளைகளுக்கு ஏற்றது. இலவசமாகவே கிடைக்கும் செயலிகளிலும் இந்த வகை உண்டு.

தம்புராவைத் திறன்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்பது வீண். சான்றாக, ஐந்தரைக் கட்டையில் சட்ஜம் ஏறத்தாழ 208 ஹெர்ட்ஸ், மந்தர சட்ஜம் 104 ஹெர்ட்ஸ்; அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சிறிய ஒலிபெருக்கி சரியாக எழுப்பாது. தனி ஒலிபெருக்கி ஒன்றை இணையுங்கள். அது புளூடூத் வகையாக இருந்தாலும் தம்புராவுக்குத் தடையில்லை. ஆனால் தாளம் தட்டும் பயிற்சியைப் புளூடூத்தில் செய்தால் ஒலி தாமதமாக வந்து சேரும். சரியாகத் தட்டிய பிள்ளைக்கும் தவறு என்று காட்டும். அதற்குக் கம்பியுள்ள காதணிக் கருவியே வேண்டும்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் மகள் நான்கைந்து வயதிலேயே கீபோர்டு கற்கத் தொடங்கியவளா? அப்படியானால், அவள் பார்க்காத இடத்திலிருந்து கீபோர்டில் ஏதாவது ஒரு விசையை அழுத்திப் பாருங்கள். முன்னதாக வேறெந்த ஒலியும் கேட்கக் கூடாது, நாளுக்கு ஓரிரு முறைக்கு மேல் செய்யவும் கூடாது. முணுமுணுத்துத் தேடாமல், அது சி, இது எஃப் ஷார்ப் என்று உடனுக்குடன் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தால், அவள் மனத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் நிலையான பெயர் பதிந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய பிள்ளைக்குச் செயலியின் 90 எதையும் உணர்த்தாது. அவள் உறவைக் கேட்காமல் இரண்டு பெயர்களையும் தனித்தனியே கண்டுபிடித்துத் தூரத்தைக் கணக்கிட்டுவிடுவாள். வாய்ப்பாட்டிலோ ஐந்தரைக் கட்டைச் சட்ஜம் அவளுக்கு ஜி ஷார்ப் என்றே கேட்கும். சளி பிடித்த நாளில் ஆசிரியை அரைக் கட்டை இறக்கினால், நேற்றுப் பாடிய பாடமே இன்று புதிதாகத் தோன்றித் தடுமாறுவாள். காந்தாரமும் பியானோ வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதைக் காது போதாமை என்று சொல்வது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் பெரிய அநீதி. அவளுக்குத் தேவை, ஒரே சரளி வரிசையை இன்று ஐந்து கட்டையிலும் நாளை ஆறு கட்டையிலும் பாடிப் பழகுவது. அதற்குத் தம்புரா போதும். செவிப்பயிற்சிச் செயலியைச் சில மாதங்களுக்குத் தொடவே வேண்டாம்.

இனி அந்த மையம் சொன்னதற்கு வருவோம். ஏபிஆர்எஸ்எம் நேரடித் தேர்வின் மொத்த மதிப்பெண் 150. தேர்ச்சிக்கு 100 வேண்டும். அதில் செவித்திறன் பகுதிக்கு 18 மட்டுமே. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்ற விதியும் இல்லை. ஐந்தாம் நிலையில், இருமுறை வாசிக்கப்படும் மெட்டை நினைவிலிருந்து பாடவோ வாசிக்கவோ வேண்டும். இசைக்குறியீட்டைப் பார்த்து ஆறு சுரங்களைப் பாட வேண்டும். கேட்ட இசையின் தன்மையையும் பாணியையும் சொல்ல வேண்டும். இரண்டு சுரங்களின் தூரத்துக்குப் பெயரிடும் கேள்வி அங்கே கிடையாது. குரலினிமைக்கு மதிப்பெண்ணும் இல்லை. அப்படியிருக்க, செயலி வாங்காவிட்டால் தேற மாட்டாள் என்று ஒரு தாயிடம் சொல்வது வெறும் மிரட்டல். நீங்களே ஒரு மெட்டை இருமுறை ஒலிக்கவிட்டு, அவளைத் திருப்பிப் பாடச் சொன்னால் அதுவே தேர்வுக்கான நேரடிப் பயிற்சியாகும். தேர்வுக்குப் பெற்றோரே வாரியத்தின் இணையத்தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். கட்டணத்தையும் அங்கே பார்க்கலாம். ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் நீக்கப்பட்ட பிறகும் சான்றிதழ்மேல் நமக்குள்ள மோகம் நீங்கவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இசை வகுப்பு நடத்துவோர் சிலர் அந்த மோகத்தையே முதலாக்கிக்கொண்டு, இசையைக் கற்பிப்பதை விடுத்துச் சந்தா விற்கிறார்கள். இதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

செயலி எதையாவது வாங்குவதாக இருந்தால், உங்கள் கணக்கிலிருந்து நேரடியாக வாங்குங்கள். மையம் வாங்கிக் கொடுக்கும் சந்தா அவர்கள் கணக்கிலேயே இருக்கக்கூடும். அப்படியானால் வகுப்பை விட்டு நின்றால் அதுவும் போய்விடும். ஏழு நாள் இலவசம் என்று தொடங்குபவை எட்டாம் நாள் ஓராண்டுக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். செயலியை அழித்தால் சந்தா நிற்காது, கணக்கின் அமைப்புக்குள் சென்று சந்தாவை ரத்து செய்தாக வேண்டும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு சேவை வரி உண்டு என்பதால், திரையில் காட்டும் விலையோடு அதுவும் சேர்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுப் பதிப்பு இலவசம் என்று வாட்ஸ்அப்பில் யாரேனும் ஏபிகே கோப்பை (செயலிக் கடைக்கு வெளியே நிறுவும் செயலிக் கோப்பு) அனுப்பினால், அனுப்பியவர் ஆசிரியராகவே இருந்தாலும் நிறுவாதீர்கள். வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் அந்த வழியாகவே நுழைகின்றன. ஏற்கெனவே நிறுவிப் பணம் போயிருந்தால் வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணையும் உடனே அழையுங்கள். மையத்திடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், சந்தா எந்தச் செயலிக்கு, யார் பெயரில் என்று எழுத்தில் கேட்டு ரசீதோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.