பனை ஏறின எனக்கு பெல்ற் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உமது கேள்வியை மாங்குளத்தில் தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன். விசுவமடுவில் இருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம், தமிழ்க் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் கூரை வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர் என்று எழுதியிருந்தீர். ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டும் பாதுகாப்பு பெல்ற், மாட்டினால் கயிறு காலுக்குள் சிக்குகிறது, வேலை ஓடுவதில்லை, முதலாளியும் 'இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும் கொழுவு' என்கிறார். ஊரில் பனையும் ஏறி, வீட்டுத்திட்ட வீடுகளுக்கு ஓடும் போட்ட எனக்கு இது உண்மையில் தேவையா என்று கேட்டிருந்தீர்.

தேவை. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். ஒன்ராறியோவில் கட்டட வேலைத்தளத்தில் 3 மீற்றருக்கு மேல், அதாவது 10 அடிக்கு மேல், விழக்கூடிய இடத்தில் நிற்பவருக்கு விழாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். தண்ணீருக்குள், ஓடும் இயந்திரத்துக்குள், தளத்தில் விட்ட ஓட்டைக்குள் விழக்கூடிய இடமென்றால் இந்த உயரக் கணக்கே இல்லை. ஹார்னஸ் மாட்டி ஏறுகிறவர் அதற்கான பயிற்சியை எடுத்திருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். ஒரு நாள் வகுப்பு, அதிலே செய்முறையும் உண்டு. மூன்று வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். நடத்துகிறவர் மாகாண அரசின் அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டும். வகுப்புக்கு வராமலே கார்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, பனைக்கு வருவோம்.

என் மாமா ஒருவர் சீவல் தொழிலாளி. நான் சின்னப் பெடியனாக இருக்கும்போது அவர் மரத்தடியில் நின்று, காலில் மாட்டி ஏறும் தளைநாரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். நேற்று ஏறின நார்தான், நேற்றும் இழுத்துப் பார்த்த நார்தான். அவரை யாரும் கேட்கவில்லை, எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை. அவரைத் தாங்கிய எல்லாமே அவருடையவை. நார் அவர் திரித்தது, மரம் அவருக்குத் தெரிந்த மரம், வேகம் அவருடைய வேகம். மழை பெய்து மரம் வழுக்கினால் அன்றைக்கு ஏறமாட்டார்.

உமது கூரையில் இதில் எது உம்முடையது? பலகையை வேறொருவன் அடித்திருக்கிறான். அது தீராந்தியில் பிடித்திருக்கிறதா என்று உமக்குத் தெரியாது. ஏணியை இன்னொருவன் சாத்தியிருக்கிறான். வேகம் முதலாளியுடையது. கண்ணுக்குத் தெரியாத உறைபனிக்கு விசுவமடுவில் உமக்குப் பழக்கமே இல்லை. பனையில் கற்ற கால் இங்கேயும் உதவும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கால்தான் 'எனக்குத் தெரியும்' என்று கொக்கியைக் கழற்றவும் வைக்கும். கூரையில் இருந்து விழுந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பயந்தாங்கொள்ளிகள் அல்ல, நல்ல ஏறுகாரர்கள்.

அதில் நானும் ஒருவன். 2004 கார்த்திகை மாதம், பிரம்ரனில் ஒரு தொடர்வீட்டுக் கூரை. நான் ஹார்னஸ் போட்டிருந்தேன், தம்பி. கயிறும் முகட்டு ஆங்கரில், அதாவது கூரையில் அடித்த இரும்புப் பிடியில், கொழுவி இருந்தது. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கயிறு காலுக்குள் வருகிறது என்று, இப்போது நீர் சொல்கிற அதே கரைச்சலுக்காக, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் றோப் கிராப்பைக் கீழே இறக்கிவிட்டுத் தாராளமாக நடந்து திரிந்தேன். முகட்டில் இருந்து கூரை ஓரத்துக்கு 16 அடி. ஓரத்தில் இருந்து நிலத்துக்கு 11 அடி. நான் விட்டிருந்த கயிறு 30 அடி. கணக்கைக் கூட்டிப் பாரும். காலை ஏழரை மணி, பலகையில் பனி, ஷிங்கிள் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன். நிலத்தில் கிடந்தபோதும் கயிறு இறுகவில்லை, பக்கத்தில் சுருண்டு கிடந்தது. இடது குதிக்கால் எலும்பு நொறுங்கியது. இன்றைக்கும் குளிர் தொடங்கினால் அந்தக் கால்தான் முதலில் சொல்லும்.

அதனால்தான் 'ஹார்னஸ் போட வேண்டுமா' என்ற கேள்வியோடு நீர் நின்றுவிடக் கூடாது என்கிறேன். போட்ட ஹார்னஸ் உம்மைத் தாங்கும் முன்பு எவ்வளவு தூரம் விழுவீர் என்று பாரும். ஹார்னஸை ஆங்கரோடு இணைக்கும் கயிறு, லான்யார்ட், 6 அடி என்று வைப்போம். அதில் இருக்கிற அதிர்ச்சி தாங்கி கிழிந்து விரிய இன்னும் மூன்றரை, நாலு அடி. முதுகு வளையத்தில் இருந்து உமது பாதம் வரை 5 அடி. வார் இழுபட ஒரு அடி. பாதத்துக்கும் நிலத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு அடியாவது மிச்சம் வேண்டும். ஆக ஆங்கரில் இருந்து கீழே ஏறத்தாழ 18 அடி வெறுமையாக இருக்க வேண்டும். 11 அடிக் கூரையில் காலடியில் கொழுவிய 6 அடி லான்யார்ட் உம்மைத் தாங்கும் முன்பே நீர் நிலத்தில் அடிபட்டுவிடுவீர்.

இப்படி உயரம் குறைந்த வீடுகளில் செய்யக்கூடியது வேறு. கயிற்றைக் கட்டையாகப் பிடியும். ஓரத்துக்குப் போகவே முடியாத அளவுக்கு. ஒவ்வொரு நாலு அடி நகரும்போதும் றோப் கிராப்பை இழுத்துவிட வேண்டும், அது கரைச்சல்தான். முதல் இரண்டு கிழமை எரிச்சல் வரும், அப்புறம் கை தானாகச் செய்யும், சைக்கிள் பெல் அடிக்கிற மாதிரி. ஓரத்தில் தடுப்புக் கம்பி போடக்கூடிய இடமென்றால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது, சட்டமும் அதைத்தான் முதலில் கேட்கிறது.

ஆங்கரைப் பற்றியும் கொஞ்சம். அதிர்ச்சி தாங்கி உள்ள கயிற்றுக்கு ஆங்கர் 6 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது விதி. எங்கள் கணக்கில் சுமார் 600 கிலோ, 50 கிலோ அரிசி மூடை பன்னிரண்டு. ஒரு மனிதன் விழுந்து சடாரென்று நிற்கும்போது அந்த அளவுக்கு இழுக்கக்கூடும். பலகையில் மட்டும் இரண்டு ஆணி அடித்த ஆங்கர் அதைத் தாங்காது. ஆணி பலகைக்குக் கீழே கூரையைத் தாங்கும் ட்ரஸ் மரத்தில் இறங்க வேண்டும், ஆங்கரில் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனைக்கும் ஆணியோ திருகோ போக வேண்டும். காற்றுக் குழாயிலும் புகைபோக்கியிலும் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடவுள் துணை.

ஹார்னஸைக் காலையில் மாட்டும் முன் மாமா தளைநாரைப் பார்த்த மாதிரி பாரும். வாரில் வெட்டு, கருகல், தையல் பிரிந்த இடம், வெயிலில் வெளுத்த இடம். ஒருதரம் விழுந்து ஆளைத் தாங்கியது என்றால் அது குப்பைக்கு. தொடை வார்களைத் தளர விட வேண்டாம். இன்னொன்றை எல்லோரும் மறக்கிறார்கள்: விழுந்து கயிற்றில் தொங்கினால் உம்மை இறக்குவது யார்? அசையாமல் தொங்குகிறவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கான திட்டத்தை முதலாளி முன்கூட்டியே எழுத்தில் வைத்திருக்க வேண்டும். 911 அடிப்போம் என்பது திட்டம் இல்லை.

2009 டிசம்பர் 24 அன்று ரொறன்ரோவில், கிப்ளிங் அவெனியூவில் உள்ள ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்ததை வகுப்பில் உமக்குச் சொல்லுவார்கள். 13ஆம் மாடி உயரத்தில் தொங்கும் தட்டில் ஆறு பேர். உயிர்க்கயிறு இரண்டுதான். தட்டு நடுவில் முறிந்தது. ஐந்து பேர் விழுந்தார்கள், நாலு பேர் இறந்தார்கள். சரியாகக் கொழுவியிருந்த ஒருவர் தொங்கிக்கொண்டு பிழைத்தார். வேறு நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள்தான் அவர்களும், எங்களைப் போல. வருடம் முடிய முன் வேலையை முடிக்கும் அவசரம். வேலைக்குப் பொறுப்பாக இருந்தவருக்குப் பின்னர் மூன்றரை வருடச் சிறை கிடைத்தது. இப்போது நீர் எடுக்க வேண்டிய பயிற்சி கட்டாயமானதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். 'இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும்' என்கிற முதலாளிக்கு இந்தக் கதையைச் சொல்லலாம், ஆனால் உடனே சொல்ல வேண்டாம்.

எப்படிச் சொல்வது என்பதுதான் உமக்கு உண்மையான கரைச்சல் என்று நினைக்கிறேன். வேலை தந்தவர், அதுவும் எங்கள் ஆள், அறையும் அவர் எடுத்துத் தந்ததாக எழுதியிருந்தீர். எதிர்த்துப் பேசினால் நன்றி இல்லாதவன் என்ற பெயர் வரும். ஒன்ராறியோச் சட்டம் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை உமக்குத் தருகிறது, அதற்காக வேலையால் நிறுத்தவும் கூடாது. முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், அவர் பார்த்துச் சரியாக்காவிட்டால் தொழில் அமைச்சின் இன்ஸ்பெக்டர் வரை போகலாம். ஆனால் முதல் நாளே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. "அண்ணை, ஒரு ஆங்கர் அடிச்சுத் தாங்கோ, நான் ஏறுறன்" என்று சொல்லும். முடியாது என்று சொல்லவில்லை, ஏறுகிறேன் என்றுதான் சொல்கிறீர். பத்தில் ஏழு பேர் அதோடு அடித்துத் தருவார்கள். மற்ற மூன்று பேரிடம் வேலை செய்யாதேயும். கூரை வேலைக்கு ஆள் கிடைக்காமல் அங்கே எத்தனையோ பேர் தேடுகிறார்கள்.

என் விழுகையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முதலாளி சொன்னார், 'வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொல், செலவை நான் பார்க்கிறேன்' என்று. நான் அப்படியே சொன்னேன். இரண்டு மாதச் சம்பளம் தந்தார், மூன்றாம் மாதம் போனை எடுக்கவில்லை. ஐந்து மாதம் நடக்க முடியாமல் இருந்தேன். வேலையிடக் காப்புறுதிச் சபையில் ஆறு மாதத்துக்குள் பதிந்திருந்தால் சம்பளத்தின் பெரும்பகுதி கிடைத்திருக்கும். கையில் காசு வாங்கினாலும், முதலாளி தன்னைப் பதியாமல் விட்டிருந்தாலும், தொழிலாளிக்கு அந்த உரிமை போகாது என்று எனக்கு அப்போது தெரியாது. சின்னக் காயம் என்றாலும் டொக்ரரிடம் 'வேலையில் விழுந்தேன்' என்று சொல்லும். அந்த ஒரு வசனம் கோப்பில் ஏறினால் போதும்.

இதை எழுதும்போது எதிர்வளவில் புது வீட்டுக்கு சீற் போடுகிறார்கள். இரண்டு பெடியள், வெறுங்கால், கயிறு இல்லை. சோளகம் பிடித்து வீசுகிறது, ஒரு சீற்றைத் தூக்கினால் அது பாய்மரம் மாதிரி ஆளையும் இழுக்கிறது. ஆணி வரிசையில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறார்கள். நீரும் இப்படித்தான் பழகியிருப்பீர். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்தைக் கட்டங்கட்டமாகத் தந்தபோது, கம்பு கட்டிப் பலகை போடுவதற்கு யாரிடம் மிச்சம் இருந்தது? காலையில் போய்க் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, அது கனடாப் பயம்" என்று சிரித்தார்கள். நான் கோபிக்கவில்லை.

தேத்தண்ணிக்கு இறங்கப் போகிறார்கள் போலிருக்கிறது. ஏணியின் கால் மணலில் நிற்கிறது, மேலே கட்டவும் இல்லை. போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.