தட்டை நிலம், பழைய கால்வாய், சைக்கிள்: கேள்வி பதில்

ஐரோப்பாவின் பழைய கால்வாய்க் கரைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பிரான்சின் தெற்குப் பகுதியும் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியும்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். அதனால் பதில்களில் அந்த இரண்டு இடங்களே அதிகம் வரும்.

கேள்வி: முதல் தடவை போகிறேன். எல்லோரும் மிடி கால்வாயைத்தான் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது ரோடு பைக், 25 மில்லிமீட்டர் டயர். சரிவருமா?

பாதிதான் சரிவரும். தெற்குப் பிரான்சில் துலூஸ் நகரத்தையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் பழைய கால்வாய்தான் மிடி. துலூஸிலிருந்து கிழக்கே போர்-லோராகே வரை சுமார் 50 கிலோமீட்டருக்கு நல்ல தார்ப்பாதை. அதைத் தாண்டினால் மண், சரளை, மழை பெய்தால் சேறு, போதாததற்குப் பாதையைப் பிளந்துகொண்டு மேலே வந்த மர வேர்கள். மெல்லிய டயரில் அந்த வேர்கள் மீது ஓட்டினால் கை மரத்துப்போகும், டியூபும் அடிவாங்கும். மத்தியதரைக் கடல் வரை முழுக்கப் போக ஆசைப்பட்டால் 35 முதல் 40 மில்லிமீட்டர் டயர் போட இடமுள்ள சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது அதே துலூஸிலிருந்து எதிர்த்திசை. கரோன் ஆற்றுக்குப் பக்கமாகவே வெட்டிய கால்வாய் ஒன்று அங்கே இருக்கிறது. 193 கிலோமீட்டர் நீளம், 1856இல் முடிந்தது. கரைப்பாதை பெரும்பாலும் வழுவழுப்பான தார். மிடி கால்வாயின் புகழ் இதற்கு இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. வழியில் மொய்ஸாக் ஊரின் பழைய மடத்துக்குள் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆஜன் ஊரில் கால்வாயே பாலம் ஏறி ஆற்றைக் கடக்கிறது. 23 வளைவுகள் கொண்ட கல்பாலம். மேலே படகு மிதந்து போகும், கீழே ஆறு ஓடும். அமைதியான தார்ப்பாதைதான் வேண்டும் என்பவருக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

கேள்வி: மேடே இல்லாத பாதைதானே? மலைப்பகுதியில் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். இங்கே 120 வைத்துத் திட்டம் போடலாமா?

வேண்டாம். சமவெளியில் மலை இல்லை, அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. மலைக்காவது உச்சி உண்டு, அதற்கு அப்புறம் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு இரண்டுமே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். காற்று இல்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உங்கள் உடம்புக்கு அது 40. எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்த வேகத்தில் யாராலும் நாள் முழுக்கப் போக முடியாது, தானாகவே ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறங்கிவிடுவீர்கள். கால்வாய்க் கரை பல இடங்களில் வயலைவிட உயரமாக இருக்கும், ஒதுங்க வீடோ வேலியோ இருக்காது.

மிடி கால்வாய்ப் பக்கம் 'செர்ஸ்' என்று ஒரு காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும். கடலிலிருந்து வருவது 'மாரின்'. செர்ஸ் பலமாக அடிக்கும் வாரத்தில் துலூஸிலிருந்து கடலை நோக்கிப் போகிறவர் பறப்பார், கடலிலிருந்து துலூஸுக்கு வருகிறவர் பற்களைக் கடித்துக்கொண்டு வருவார். பாதை ஒன்றே, திசைதான் வேறு. அதனால் முன்பதிவு செய்யும்போதே திசையை முடிவுகட்டாமல், இரண்டு நாள் முன்னால் காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு எந்த முனையில் தொடங்குவது என்று தீர்மானியுங்கள். போய்த் திரும்பும் ஒருநாள் பயணம் என்றால் காலையில் எதிர்க்காற்றில் போங்கள், மாலையில் களைத்த கால்களைக் காற்று தள்ளிக்கொண்டு வரட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மலையில் இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம். சமவெளியில் இரண்டும் நடக்காது. மணிக்கணக்கில் ஒரே கியர், ஒரே இருப்பு. முதல் நாள் வலிப்பது தொடை அல்ல, உட்காரும் இடமும் உள்ளங்கையும்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று மிதியுங்கள், கைப்பிடியில் பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர் போதும். மீதி நேரம் பார்க்கத்தானே போகிறோம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். கடலோடு போய்ச் சேரும் கால்வாய் எப்படி இவ்வளவு தட்டையாக இருக்க முடியும்? உள்நாடு உயரமாகத்தானே இருக்கும்?

நல்ல கேள்வி தம்பி. இது புரிந்துவிட்டால் அந்தப் பாதையில் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் சுவையாகிவிடும்.

தண்ணீர் சரிந்து நிற்காது. அதனால் கால்வாயை நீளமான படிக்கட்டு மாதிரி வெட்டுகிறார்கள். ஒவ்வொரு படியும் பல கிலோமீட்டருக்குச் சமமட்டம். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் படகை ஏற்றி இறக்க இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி. அதுதான் 'லாக்'. தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும், வடித்தால் கீழே போகும். கரைப்பாதையில் திடீரென்று ஓரிரு மீட்டர் குட்டி ஏற்றம் வந்தால் பக்கத்தில் லாக் இருக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க உங்களுக்குக் கிடைக்கும் ஏற்றமே அவ்வளவுதான்.

மிடி கால்வாயின் உச்சி நோரூஸ் என்ற இடம், கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். அங்கிருந்து தண்ணீர் ஒரு பக்கம் அட்லாண்டிக் திசையிலும் மறுபக்கம் மத்தியதரைக் கடல் திசையிலும் இறங்குகிறது. லாக்கின் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மேலேயுள்ள தண்ணீர் கீழே போய்விடும். அப்படியானால் உச்சிக்கு யார் தண்ணீர் கொடுப்பது? ஆற்றுநீரை மேலே ஏற்ற அந்தக் காலத்தில் வழி இல்லை. இரண்டு கடலையும் இணைக்க வேண்டும் என்ற ஆசை நெடுங்காலமாக இருந்தும் நடக்காமல் போனது இந்த ஒரு கேள்வியால்தான்.

பியர்-போல் ரிக்கே என்பவர் விடை சொன்னார். அவர் பொறியாளரே அல்ல, உப்பு வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்தவர். பக்கத்து கருமலைத் தொடரின் ஓடைகளைத் திருப்பி, நோரூஸைவிட உயரத்திலிருந்து சிறு வாய்க்கால் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்தார். கோடைக்குச் சேமிக்க சேன்-ஃபெரியோல் என்ற பெரிய ஏரியைக் கட்டினார். 1666இல் அரசாணை, 1681இல் கால்வாய் திறப்பு. ரிக்கே அதற்கு முந்தைய ஆண்டே, 1680இல், இறந்துவிட்டார். 240 கிலோமீட்டர் கால்வாயும் அந்தச் சின்ன வாய்க்காலை நம்பித்தான் இருந்தது. வாய்க்கால் ஓரமாகவும் சைக்கிளில் போகலாம். பெரிய கால்வாயில் கூட்டம் அதிகமானால் நான் அங்கே ஒதுங்கிவிடுவேன்.

லாக்குகளைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். தொட்டி நீள்சதுரமாக இல்லாமல் முட்டை வடிவில் வயிறு பெருத்து இருக்கும். வெளியிலிருந்து மண் தள்ளும் சுமையை நேர்ச்சுவரைவிட வளைந்த சுவர் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. கரையில் கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாதாமே, பயமாக இருக்கிறது.

ஆமாம், பெரும்பாலும் கிடையாது. குழந்தையைத் தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் விட்டு, நீங்கள் தண்ணீர்ப் பக்கமாகச் சற்றுப் பின்னால் வாருங்கள். பழைய கல்பாலங்களின் அடியில் பாதை குறுகி, இருட்டாகி, திரும்பவும் செய்யும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். லாக் கதவுகளின் மேல் ஏறி நடக்க விடாதீர்கள். பிரான்சில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் 2017 முதல் கட்டாயம்.

முதல் ருசிக்கு பிளாண்டர்ஸில் ப்ரூஜ் நகரத்திலிருந்து டாம்மே வரை போங்கள். ஆறேழு கிலோமீட்டர்தான். நெப்போலியன் ஆணையில் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது, ஸ்பானியப் போர்க்கைதிகளை வைத்து வெட்டினார்கள். இருபுறமும் நெடிய பாப்ளர் மரங்கள் கடற்காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் நெதர்லாந்து எல்லை தாண்டி ஸ்லூயிஸ் வரை போகலாம், மொத்தம் 15 கிலோமீட்டர் அளவில்.

கேள்வி: பிளாண்டர்ஸில் வரைபடமே வேண்டாம், எண்கள் போதும் என்கிறார்களே?

உண்மைதான். பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். 32, 47, 51 என்று வரிசையாகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும், பலகைகள் வழிகாட்டும். சுரங்கப் பொறியாளர் ஒருவரின் யோசனை இது. 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கி, நெதர்லாந்து முழுக்கப் பரவியது. நிழல், காற்று, களைப்பு எதைப் பார்த்தாவது நடுவழியில் பாதையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: படங்களில் பார்த்த மர நிழல் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இனி மிடி கால்வாய்க்குப் போவதில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் மனசு வலிக்கத்தான் செய்யும். கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் (உயரமாக வளரும் நிழல் மரங்கள்) இருந்தன. ஒரு பூஞ்சை நோய் 2006இல் அந்தக் கரையில் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து இல்லை. நோய் வந்த மரத்தையும் அதன் அக்கம்பக்கத்து மரங்களையும் வெட்டி எரிப்பதுதான் பரவாமல் தடுக்கும் வழி. வேறு வேறு இன மரங்களைக் கலந்து நட்டு வருகிறார்கள், அவை நிழல் தர இன்னும் ஆண்டுகள் ஆகும். நோய் காயத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால் மரப்பட்டையில் சைக்கிளைச் சாய்த்து உரசாதீர்கள், வெளியே தெரியும் வேரில் பெடல் இடிக்காமல் ஓட்டுங்கள். வெட்டவெளி நீளங்கள் இப்போது அதிகம், ஆகவே ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே, ஜூன், செப்டம்பரில் போவது நல்லது.

கேள்வி: வயது 66. பேட்டரி சைக்கிள் எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள் ஐயா, எதிர்க்காற்றுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் உதவும். வண்டி கனமானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கார் நுழையாமல் இருக்கப் பாதையில் வைத்திருக்கும் தடுப்புகளிலும் பாலத்துப் படிகளிலும் தூக்க வேண்டி வரலாம்.

கேள்வி: எங்கள் குழு சராசரி 32 கிலோமீட்டர் வேகத்தில் பயிற்சி செய்யும். கரைப்பாதை தோதுப்படுமா?

தோதுப்படாது. படகை இழுத்த குதிரைகள் நடப்பதற்காகப் போட்ட பாதை அது. இன்று நடக்கிறவர்கள், நாய்கள், குழந்தைகள், தூண்டில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் உரியது. தூண்டில்காரர்களின் நீளமான கம்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மீன் மாட்டியதும் கம்பைப் பின்னால் இழுப்பார்கள், பாதை முழுக்க அது குறுக்கே வந்துவிடும். தூரத்திலேயே மணியடித்து வேகத்தைக் குறையுங்கள். பயிற்சிக்குக் கால்வாய்க்கு இணையாக வயல்களுக்கு நடுவே போகும் சிறு சாலைகளைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வண்டியும் குறைவு.

கேள்வி: வழியில் சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் எல்லாம்?

கால்வாய் மட்டத்தைப் பார்த்து வெட்டியது, ஊர்களைப் பார்த்து அல்ல. பல கிராமங்கள் ஓரிரு கிலோமீட்டர் தள்ளி, சிறு மேட்டின் மேல் இருக்கும். பிரான்சின் சிற்றூர்க் கடைகள் மதியம் மூடும், ஞாயிறு மாலையும் திங்களும் பல இடங்களில் திறக்கவே திறக்காது. இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு வேளை உணவு, இரண்டு டியூப், பம்ப் எப்போதும் கூடவே இருக்கட்டும். கரையின் முள்வேலிகளை வெட்டிய நாட்களில் முள் பாதையில் கிடக்கும். இரவாகிவிட்டால் பிரான்சில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை போடுவது சட்டம், அதையும் பையில் வையுங்கள்.

கேள்வி: போன வழியே திரும்பாமல் இருக்க?

ரயில்தான். துலூஸிலிருந்து கடல் வரையும், மறுபக்கம் போர்தோ வரையும் தண்டவாளம் கால்வாய்க்கு அருகிலேயே போகிறது. வட்டார ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம், இடம் மட்டும் குறைவு. கோடையில் முதல் ரயிலைப் பிடியுங்கள், வார இறுதி மாலை ரயிலை நம்பாதீர்கள். அதிவேக ரயில் என்றால் சைக்கிளுக்கும் முன்பதிவு வேண்டும், இல்லையேல் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட வேண்டும்.