மலைப்பாங்கான கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் வழியை எப்படிப் போடுவது?

சமவெளியில் 80 கிலோமீட்டர் வரை ரோட் பைக்கில் போய்ப் பழகிவிட்டதாகவும், அடுத்து மலைப்பாங்கான கிராமப்புறச் சாலைகளில் ஒரு சுற்று போக வழி எப்படிப் போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்தச் சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதில் எனக்கு ஓட்டுவதற்கு இணையான மகிழ்ச்சி உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இறக்கத்தை முடிவு செய்யுங்கள். ஏற்றத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எந்தப் பக்கம் ஏறினால் சுலபம் என்று தேடி வழியைப் போட்டுவிட்டு, மறுபக்கம் எப்படியும் இறங்கிவிடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஏற்றம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் மூச்சு வாங்கினால் ஓரமாக நிற்கலாம். முடியவே இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். செங்குத்தான, குறுகலான, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. எதிரே ஒரு டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு வரலாம், மாடுகள் குறுக்கே நிற்கலாம், வயலிலிருந்து ஏறிய வண்டிகளின் சேறு தாரின் மேல் படிந்திருக்கலாம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது தடையைக் கண்டு, பிரேக் பிடித்து, முழுதாக நிற்பதற்குள் காய்ந்த தாரில்கூட 35, 40 மீட்டர் போய்விடும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 25-ல் போகும்போது ஆவதைப்போல 50-ல் நான்கு மடங்கு ஆகிறது. பார்வை 20 மீட்டர்தான் எட்டுகிறது என்றால் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். மெதுவாக இறங்குவதற்கு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 4 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்த் தீர வேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. நல்ல அகலமான, பார்வை எட்டும் சாலையில் சைக்கிளைக் கொஞ்சம் ஓடவிட்டால் அதில் பெரும்பகுதியைக் காற்றின் எதிர்ப்பு வாங்கிக்கொள்ளும். குறுகலான சாலையில் நத்தை வேகத்தில் இறங்கினால் ஏறக்குறைய அத்தனையும் பிரேக்கில்தான் இறங்கும். சக்கர விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி உள்ளே டியூபையும் சூடாக்கும். கார்பன் ரிம்மில் இது இன்னும் ஆபத்து. டிஸ்க் பிரேக்கும் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பை இழக்கும். கை விரல்கள் மரத்துப் போவது தனி.

ஆகவே ஒரே மலையைக் கடக்க இரண்டு சாலைகள் இருந்தால், அகலமாகவும் தார் நன்றாகவும் தூரம்வரை பார்வை எட்டுவதாகவும் இருக்கும் சாலையை இறங்குவதற்கு ஒதுக்குங்கள். குறுகலான பழைய சாலையில் ஏறுங்கள். மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்னால் உருவான சாலைகள் பல இடங்களில் சரிவை நேராகப் பிடித்து ஏறிவிடும். பின்னால் போட்டவை வளைந்து வளைந்து மெதுவாக ஏறும். பழைய சாலை கால்களுக்குக் கடினம்தான். ஆனால் அதில் வண்டிகள் குறைவு. மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும்போது பின்னால் லாரி உறுமாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது ஒருமுறை ஏறினால் தெரியும். சுற்றை வலமாகப் போவதா இடமாகப் போவதா என்ற கேள்விக்கும் பெரும்பாலும் இதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அந்தப் பழைய சாலை உங்கள் கியருக்கு ஏறுமா என்று பார்க்க வேண்டும். சாய்வு 8 சதவீதம் என்றால் கிலோமீட்டருக்கு 80 மீட்டர் ஏற்றம். ஓரளவு பழக்கப்பட்டவர் நாள் முழுக்கத் தாங்கும் வேகத்தில், அதாவது 150 வாட் அளவில் மிதித்தால், அங்கே மணிக்கு 7 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான் போவார். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் அந்த வேகத்துக்குக் கால்கள் நிமிடத்துக்கு 55, 60 சுற்று சுற்றும். பின்னால் பெரியதே 28 பல்தான் என்றால் சுற்று 46-க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக அழுத்த வேண்டிவரும். ஒரு கிலோமீட்டருக்குப் பரவாயில்லை, ஐந்து கிலோமீட்டருக்குத் தாங்காது. எடை குறைந்த சக்கரம் வாங்க யோசித்துக்கொண்டிருந்தால் அந்தப் பணத்தில் முதலில் பின்பக்கத்துக்குப் பெரிய கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போடுங்கள். செயினைப் பல்சக்கரங்களுக்கிடையே மாற்றும் உங்கள் டிரெய்லியர் (derailleur) எத்தனை பல் வரை தாங்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சராசரிச் சாய்வை நம்பி ஒரு ஏற்றத்தைச் சேர்க்காதீர்கள். பெல்ஜியத்தில் பந்தயங்களுக்குப் பேர்போன மூர் டி ஹூய் என்ற ஏற்றம் 1.3 கிலோமீட்டர்தான், சராசரி 9.6 சதவீதம்தான். ஆனால் அதன் ஒரு வளைவில் சாய்வு 26 சதவீதம்வரை போகிறது. பிரான்சின் ஆல்ப் டியூஸ் 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம், கொண்டை ஊசி வளைவுகள் 21. நீளமும் மொத்த உயரமும் பல மடங்கு அதிகம் என்றாலும், ஒரே சீராக மிதித்து ஏறிவிடக்கூடிய சாலை அது. கிராமப்புறக் குன்றுகள் பல மூர் டி ஹூய் ஜாதியைச் சேர்ந்தவை: சின்னவை, ஆனால் கோபக்காரக் குன்றுகள். கொண்டை ஊசி வளைவில் உட்புறம் எப்போதும் வெளிப்புறத்தைவிடச் செங்குத்து. எதிரே வண்டி இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால் கொஞ்சம் அகலமாக எடுங்கள்.

மலைப்பாங்கான நிலத்துக்கு ஒரு போக்கு உண்டு. ஆறுகளும் முகடுகளும் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையிலேயே, ஆற்றங்கரையிலோ முகட்டின் மேலோ போகும் சாலை சுலபம். அதற்குக் குறுக்கே போகும் சாலை ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஒவ்வொரு முகட்டுக்கும் ஏறும். ஒரே நீண்ட ஏற்றத்தில் 600 மீட்டர் ஏறுவதைவிட, 60 மீட்டர் வீதம் பத்துமுறை ஏறி இறங்குவது எனக்கு அதிகக் களைப்பைத் தந்திருக்கிறது. சீரான வேகம் பிடிபடுவதே இல்லை, ஒவ்வொரு குட்டி ஏற்றத்திலும் அளவுக்கு மீறி மிதிக்கத் தோன்றுகிறது. வரைபடத்தில் நீல ஆற்றுக் கோடுகளை உங்கள் வழி எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் சுற்றுக்குப் போகும் பாதையைக் குறுக்காகவும், களைத்துத் திரும்பும் பாதையைப் பள்ளத்தாக்கின் போக்கிலும் வைப்பது என் வழக்கம்.

அதிலும் காற்றைக் கவனிக்க வேண்டும். வெயில் நாளில் மலைச்சரிவுகள் சூடாகும்போது காற்று பள்ளத்தாக்கின் வழியாக மேல்நோக்கி வீசும், பிற்பகலில் அது வலுக்கும். மாலையில் பள்ளத்தாக்கு வழியே கீழே திரும்பினால் இறக்கம் இருந்தும் எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். முடிந்தால் விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள்.

செயலிகள் காட்டும் மொத்த ஏற்றத்தை ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வழிக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண்கள் காட்டும். பல செயலிகள் செயற்கைக்கோள், விண்கலம் போன்றவற்றிலிருந்து அளந்த நில உயரத்தைச் சாலைக் கோட்டின் மேல் பொருத்திக் கணக்குப் போடுகின்றன. மலையை வெட்டிப் போட்ட சாலை, பாலம், சுரங்கப்பாதை வரும் இடங்களில் அந்தக் கணக்கு தடுமாறும். செயலி காட்டும் உயரக் கோட்டில் 40 சதவீதச் சாய்வு என்று திடீரென ஒரு முள் எழுந்தால், அங்கே அநேகமாகப் பாலமோ சுரங்கமோ இருக்கும். சந்தேகமான இடத்தில் வரைபடத்தின் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, நீங்களே பாருங்கள். கோடுகள் நெருங்கி, சாலை அவற்றைச் செங்குத்தாக வெட்டினால் கடும் சாய்வு.

தார் எப்படி என்பதை வான்படத்தில் ஓரளவு பார்க்கலாம். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சைக்கிளில் இடம் இருந்தால் 32 இன்னும் நல்லது. உச்சியில் குளிரும். 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும், வியர்த்த உடம்போடு இறங்கும்போது அது பெரிதாகத் தெரியும், ஒரு மெல்லிய காற்றுச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் அலைபேசி தொடர்பு விட்டுவிடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு தூரம்? கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏற்றம் என்று பாருங்கள். 10 மீட்டரைத் தாண்டினால் மலைப்பாங்கான வழி, 20-ஐத் தொட்டால் கடுமையானது. சமவெளியில் 80 ஓட்டும் உங்களுக்கு முதல் முறை 45 முதல் 50 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் போதும். மேலே சொன்ன 150 வாட் கணக்கில் மணிக்கு 500, 550 மீட்டர் உயரம்தான் ஏற முடியும். அந்த 600 மீட்டருக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், மீதி தூரத்துக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். பெரிய ஏற்றத்தை முதல் பாதியில் வைத்துவிடுங்கள். அப்புறம், இரண்டாவது ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு முன்னால், அதைத் தவிர்த்துவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஒரு குறுக்குச் சாலை இருக்கிற மாதிரி சுற்றைப் போடுங்கள். அப்படி ஒரு சாலை இல்லாத சுற்று எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் முறைக்கு நான் எடுக்க மாட்டேன்.